மாப்பிள்ளை கட்டிய டிரான்ஸ்ஃபார்மர்

ஜனவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். கடிதம் பட்டறை முகவரிக்கு வந்திருக்கிறதே என்று பதற வேண்டாம். இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. இங்கே இருப்பதே நான் ஒருவன்தான். வீட்டுக்கு எழுதினால் உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே என் மகள் அதை எங்காவது வீசுவாள். மூன்று வருடமாகப் பேசாதவள் கடிதத்தை மட்டும் பிரித்துவிடவா போகிறாள்? போனில் கூப்பிடலாம் என்றால், போன தடவை நீங்கள் "டவர் சரியில்ல மாமா, விளங்கல" என்று நாலு முறை சொன்னீர்கள். நானும் கத்திக் கத்தி ஓய்ந்துபோனேன். எழுதுவதே மேல்.

விஷயம் என் ப்ரீஆம்ப் பற்றியது. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், கூடத்தில் ரெக்கார்ட் பிளேயருக்குப் பக்கத்தில் இருக்கும் சாம்பல் நிறப் பெட்டி. ரெக்கார்டில் இருந்து ஊசி எடுத்துத் தரும் சத்தம் மிகவும் சன்னமானது. அதை ஆம்ப்ளிஃபயருக்குப் போதும்படி தூக்கிக் கொடுப்பதுதான் இதன் வேலை. நாற்பத்தாறு வருடமாக அதைச் செய்தது. இப்போது பாட்டோடு சேர்த்து "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சலையும் தூக்கிக் கொடுக்கிறது. பாட்டு நின்றாலும் அது நிற்பதில்லை.

கடைத்தெரு ரேடியோ மெக்கானிக் இரண்டு முறை திறந்து பார்த்தார். வடிகட்டுகிற கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்றினார். இரைச்சல் அப்படியே இருந்தது. கடைசியில், "சார், டிரான்ஸ்ஃபார்மர் போச்சு. இந்த அளவுல இப்ப எவனும் செய்யறதில்ல. இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எனக்கும் இந்தப் பெட்டிக்கும் ஏறக்குறைய ஒரே நிலைமைதான்.

வானொலி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஒலிப்பதிவு செய்தவன் நான். இரைச்சல் என்றால் எனக்குச் சாப்பாட்டில் கல் கடிபட்ட மாதிரி. உங்கள் அத்தை இருந்தவரை அவள் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள், இது காதில் விழுந்திருக்காது. இப்போது வீட்டில் இதுதான் பேசுகிறது.

நீங்கள் மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சுற்றுகிறவர். ஒன்று சுற்றித் தர முடியுமா? பெட்டியையே பார்சலில் அனுப்புகிறேன். என் மகளிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். பேத்திக்குப் பல் விழ ஆரம்பித்துவிட்டதா?

இப்படிக்கு,
மாமா


ஜனவரி 24

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

பெட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. நீங்கள் சுற்றியிருந்த பழைய போர்வையைப் பிரிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

உங்கள் மெக்கானிக் சொன்னது பாதி சரி. டிரான்ஸ்ஃபார்மரில் கோர் என்பது ஒரே கட்டியான இரும்பு இல்லை; மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்தது. வார்னிஷ் காய்ந்து அந்தத் தகடுகள் ஆட்டம் கண்டிருக்கின்றன. அதோடு, இந்தப் பெட்டி செய்த காலத்தில் வந்த வோல்டேஜ் குறைவு. இன்று வருவது அதிகம். அந்தச் சின்னக் கோருக்கு அது தாங்கவில்லை. திணறிப்போய்ச் சுற்றிலும் காந்தத்தைக் கக்குகிறது. பக்கத்திலேயே சன்னமான சத்தத்தைத் தூக்கும் பகுதி இருப்பதால் அது இதையும் பிடித்துக்கொள்கிறது. அதுதான் உங்கள் "ம்ம்ம்".

ஒரு சுற்று பெரிய கோர் போடுகிறேன். கம்பியை இன்றைய வோல்டேஜுக்குக் கணக்காக அதிகச் சுற்று சுற்றி, இரண்டு சுற்றுகளுக்கும் நடுவில் செம்புத் தகடு வைத்து, வெளியேயும் ஒரு செம்புப் பட்டை கட்டுகிறேன். வார்னிஷில் முக்கி அடுப்பில் காய வைக்க இரண்டு நாள். முதலாளியின் வேலை முடிந்தபிறகு கிடைக்கும் நேரத்தில்தான் செய்ய முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளிடம் சொல்லவில்லை. இப்போது எதைச் சொன்னாலும் சண்டையில் முடிகிறது. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறாள். அவளுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. "நான் சொல்றது எதையுமே நீங்க காதுல வாங்கறதில்ல" என்கிறாள். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேசுவது பாதி புரிவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 13

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பெட்டி வந்தது. திறந்து பார்த்தேன். இப்படி ஒரு வேலையை நான் நிலையத்தில் கூடப் பார்த்ததில்லை. செம்புப் பட்டையின் மூலைகளை எவ்வளவு சுத்தமாக மடித்திருக்கிறீர்கள்! தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை. பழையதில் தோசை வார்க்கலாம்.

எழுதக் கை தயங்குகிறது. இரைச்சல் இன்னும் இருக்கிறது.

உங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பழைய இரைச்சல் வேறு, இது வேறு. பழையதில் ஒரு கரகரப்பு இருந்தது, அது அடியோடு போய்விட்டது. இப்போது இருப்பது அடிவயிற்றில் இருந்து வருவது போன்ற தடித்த, அடங்கிய முனகல். நேற்று மூடியைக் கழற்றி, பிளக்கைப் பிடுங்கி, டிரான்ஸ்ஃபார்மரின் நட்டுகளைக் கழற்றினேன். அதை ஒரு மரக்கட்டை மேல் சற்றுத் திருப்பி உட்கார வைத்து மறுபடி கரண்டு கொடுத்தேன். முனகல் மாறியது. ஆக, புதியதும் கொஞ்சம் காந்தத்தை வெளியே விடுகிறது, அது பார்க்கும் திசைதான் சரியில்லை என்று என் சின்னப் புத்திக்குத் தோன்றுகிறது. பொருத்தும்போது காதில் ஹெட்போன் போட்டுத் திருப்பிப் பார்த்துத்தானே பொருத்துவார்கள்? நீங்கள் கேட்டுப் பார்த்தீர்களா?

நேரம் இருக்கும்போது எழுதுங்கள். அவசரம் இல்லை. எனக்கு என்ன அவசரம்?

மாமா


பிப்ரவரி 20

மாமாவுக்கு,

கேட்டுப் பார்க்காமல் அனுப்புகிற பழக்கம் எனக்கு இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லா மெஷினும் நின்றபிறகு, ஷட்டரை இறக்கிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வால்யூமை முழுக்க வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. சுத்தமான அமைதி. உங்கள் வீட்டு வயரிங் ஐம்பது வருடத்துப் பழசு. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் எனக்கு மனது சரியில்லை, அதனால் எழுத்து கடுமையாக இருந்தால் மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டியூட்டி. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குழந்தை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டுவிட்டது. கதவைத் தட்டித் தட்டி அழுதிருக்கிறாள். இருபது நிமிஷம் இருக்கும் என்கிறாள் உங்கள் மகள். டியூட்டி முடிந்து படி ஏறும்போதே அவளுக்கு அழுகை கேட்டிருக்கிறது. உள்ளே வந்தால் நான் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறேன், பத்தடி தூரத்தில்.

கதவை உடைத்துத்தான் எடுத்தோம். குழந்தையின் கை முட்டி எல்லாம் சிவந்து போயிருந்தது. "கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே, நீங்க மனுஷன்தானா?" என்று கேட்டாள். தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விடுவேன் என்கிறாள், நேராக என்னிடம் இல்லை, குழந்தையிடம் சொல்வது போல.

பெட்டியைப் பற்றி இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை


மார்ச் 1

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை பேத்திக்காக. மற்ற இரண்டு முறையும் உங்களுக்காக.

எர்த் சரியாக இருக்கிறது. அப்படியும் சந்தேகம் தீராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வரிசைத் தையல்காரம்மாவின் கடைக்குப் போனேன். புதுக் கட்டடம், புது வயரிங். தையல் மிஷினை நிறுத்தச் சொல்லி அவருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். உடனே கழற்றிவிட்டார். "என்ன சார், உள்ள வண்டு ஏதாவது விட்டிருக்கீங்களா?" என்றார்.

மாப்பிள்ளை, முழு வால்யூமில் சுத்தமான அமைதி என்று எழுதியிருக்கிறீர்கள். நிலையத்தில் இருந்த உயர்ந்த சாமான்களில் கூட முழு வால்யூம் வைத்தால் "உஸ்ஸ்" என்று ஒரு காற்றாவது வரும். அமைதியே வராது. அப்படி ஓர் அமைதி பெட்டியில் இருக்க முடியாது.

அன்று நீங்கள் தூங்கவில்லை, இல்லையா?

போனில் டவர் சரியில்லை என்றீர்கள். அவள் சொல்வது காதில் விழுவதில்லை என்கிறாள். குழந்தை பேசுவது பாதி புரிவதில்லை என்று நீங்களே எழுதினீர்கள், பல் விழுந்ததால் என்று நானும் சிரித்துக்கொண்டேன். கிழவனுக்குப் புரிய இவ்வளவு நாள் ஆயிற்று.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்வது சுலபம், தெரியும். ஆனால் அவளிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் அத்தையின் வியாதி தெரிந்தபோது, "பாப்பாவுக்குப் பார்மசிப் பரீட்சை இருக்கு. முடியட்டும், அப்புறம் சொல்லலாம்" என்று அத்தையே சொன்னாள். நானும் தலையாட்டினேன். நாலு மாதம். போனில் ஒவ்வொரு வாரமும் "அம்மா தூங்கறா, அம்மா குளிக்கறா" என்றே சொன்னேன். பரீட்சை முடிந்து மகள் வந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. அவளுக்கு நான் செய்தது அதுதான். அதனால்தான் பேசுவதில்லை, திமிரால் இல்லை.

இப்போது இன்னொரு விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியாது. மறுபடியும் அதே இடத்தில் நிற்க என்னால் முடியாது. மார்ச் பதினைந்து வரை பொறுப்பேன். அதற்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும்.

மாமா


மார்ச் 6

மாமா,

உங்களிடம் நான் கேட்டது எர்த் இருக்கிறதா என்றுதான். என் காதைப் பற்றிக் கேட்கவில்லை.

பதினைந்தாம் தேதி வரை கெடு வைக்க நீங்கள் யார்? மூன்று வருடமாகப் பேசாத மகளைப் பேச வைக்க உங்களுக்கு என் காதுதான் கிடைத்ததா? பட்டறையில் என்னை எதற்கு வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மோட்டாரை ஓடவிட்டு, கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிறவன் நான். காது போயிற்று என்று தெரிந்தால் நாளைக்கே வேறு ஆள்.

பெட்டியைத் தையல்காரம்மாவுக்கே கொடுத்துவிடுங்கள்.


மார்ச் 14

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

போன கடிதத்தில் கையெழுத்துக் கூடப் போடாமல் அனுப்பியிருக்கிறேன். தபால் பெட்டியில் போட்டபிறகு கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தேன். எட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை பட்டறையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, வேறு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தேன். அவர் முள்கரண்டி போன்ற ஓர் இரும்புக் கவையைத் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். கேட்கவில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். நன்றாகக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

இரண்டு வருடமாக நான் பட்டறையில் செய்துகொண்டிருந்ததே அதுதான், மாமா. ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்திக்கொள்வேன். பேரிங் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்கும். எல்லாரும் அதை என் தொழில் ரகசியம் என்று நினைத்தார்கள். மெஷின் ஓடும்போது எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள், அதனால் அங்கே சிரமமே தெரியாது. வீட்டில்தான். எல்லாம் அடங்கினபிறகு அவள் மெதுவாகப் பேசும் பேச்சுதான் கேட்காது.

காதுக்குள்ளே இருக்கும் மூன்று சின்ன எலும்புகளில் கடைசி எலும்பு இறுகிப்போய்விட்டதாம். இரண்டு காதிலும். தடித்த சத்தங்கள்தான் முதலில் போகுமாம். ஆப்பரேஷன் செய்யலாம், பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிறது, எல்லாருக்கும் இல்லை என்றார். முதலில் ஒரு காது, அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி.

அன்றே அவளிடம் சொன்னேன். குழந்தை பள்ளியில் இருந்தது. அவள் வேலைக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சீட்டை மேஜை மேல் வைத்தேன். அவளே படித்தாள்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷம்."

பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அல்லது பேசி எனக்குக் கேட்கவில்லையோ என்று பயந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் பக்கம் நன்றாகத் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: "காது டாக்டர் ரூம் என் கவுண்டர்லேர்ந்து பத்தடி. தினமும் அந்தக் கதவைப் பாத்துட்டுத்தான் மாத்திரை எண்றேன். எங்கிட்ட சொல்லத் தோணலையா?"

"வேலை போயிடும்னு பயம்."

"அன்னிக்கு நீங்க கல்லா உக்காந்திருந்தீங்களே, எங்க ரெண்டு பேரையும் உங்களுக்குப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன். துணிப் பெட்டி கூடக் கட்டி வச்சிட்டேன். பரண்ல பாருங்க." அழுதாள். பெட்டியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகுதான் கேட்டாள், "வேற யாருக்குத் தெரியும்?" என்று.

மாமா, என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. "உங்க அப்பாவுக்கு" என்றேன். அவள் முகம் மாறியது. உங்கள் கடிதங்களை எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேலைக்கும் போகவில்லை. இரண்டு நாளாக என்னோடு பேசுகிறாள், கத்தித்தான். ஆனால் உங்களைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுகிறாள். உண்மையைச் சொல்லப்போய் உங்கள் விஷயத்தை இன்னும் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

ப்ரீஆம்ப் விஷயம். நீங்கள் சொன்னதுதான் சரி, திசைதான் தவறு. அதைக் காதால் கேட்டுத்தான் சரிசெய்ய முடியும், அதனால் நான் செய்ய முடியாது. வயர்களை நீளமாகவே விட்டிருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிஷம் பொறுத்து, நான்கு நட்டையும் கழற்றுங்கள். வயர் இணைப்புகளில் டேப் சுற்றுங்கள். அடியில் மரக்கட்டை வையுங்கள். பிறகு கரண்டு கொடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஷாக் நெஞ்சு வழியே பாயாமல் இருக்க ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மறு கையில் மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் திருப்புங்கள். ஓர் இடத்தில் அடங்கும். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, அங்கேயே புது ஓட்டை போட்டு மாட்டுங்கள். ஓட்டை போடும்போது இரும்புத் தூள் உள்ளே விழாமல் துணி மூடிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 23

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியபடியே ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு பென்சிலால் தள்ளினேன். தையல்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தார். முப்பது டிகிரி இருக்கும், அந்த இடத்தில் முனகல் அப்படியே கரைந்துபோயிற்று. வால்யூமை ஏற்றினால் வெறும் "உஸ்ஸ்" மட்டும். நான்கு ஓட்டையும் நானே போட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் யாரையோ திரும்பிப் பார்ப்பது போலக் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு நல்ல பொருளைக் கட்டிவிட்டு, அது எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் கேட்க முடியாமல் போயிற்றே.

நேற்று அவள் போன் செய்தாள்.

"அப்பா" என்று கூப்பிடவில்லை. "உங்களுக்கு எப்பத் தெரியும்? தேதி சொல்லுங்க" என்றுதான் ஆரம்பித்தாள். பிப்ரவரி கடைசியில் சந்தேகம் வந்தது, மார்ச் ஒன்றாம் தேதி எழுதினேன் என்றேன்.

"அப்ப ரெண்டு வாரம் எனக்குத் தெரியாம வச்சிருந்தீங்க."

"ஆமா."

"மறுபடியும்."

"ஆமாம்மா."

அதன்பிறகு திட்டினாள் பாருங்கள். அரை மணி நேரம். மூன்று வருடத்துச் சேமிப்பு. அம்மா குளிக்கிறாள் என்று நான் சொன்ன வாரங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவளுக்கு அத்தனையும் நினைவிருக்கிறது. "அம்மா விஷயத்தை நான் மறக்கல, மறக்கவும் மாட்டேன்" என்றாள். "மறக்க வேணாம்" என்றேன்.

பிறகு சொன்னாள்: "நீங்க எழுதினதை எல்லாம் படிச்சிட்டேன். அவர் எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டுங்க. எதையும் விடாமப் படிக்கணும்."

மாப்பிள்ளை, உங்களைக் கேட்காமல் படித்ததற்கு மன்னியுங்கள். எதையும் விட எனக்கு மனம் வரவில்லை. கோரும் வார்னிஷும் முதற்கொண்டு படித்தேன். "அவளுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு" என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். என்னை நீங்கள் திட்டிய கடிதத்தையும் படித்தேன். அங்கே மட்டும் லேசாகச் சிரித்தது போலிருந்தது, நிச்சயமில்லை. தபால் பெட்டிக்குள் கையை விட்டதைப் படிக்கும்போது என் குரல் கம்மிவிட்டது. இவ்வளவு நேரம் சத்தமாகப் பேசி எத்தனை வருடம் ஆயிற்று? இருமல் வந்து நிற்கவில்லை.

"போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றாள்.

"அப்ப வச்சிடறேன். நாளைக்கு மீதியை..."

"வைக்க வேணாம்."

ரிசீவரை மேஜை மேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். டம்ளர் கை நழுவிக் கீழே விழுந்தது, இன்னொன்று எடுத்தேன். குடித்துவிட்டு வரும்போது பாதிக் கூடத்திலேயே எனக்குப் பயம், இதற்குள் வைத்திருப்பாள் என்று. எடுத்துக் காதில் வைத்தேன். பின்னால் பேத்தி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். மகளின் மூச்சு கேட்டது.

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"ம். மேல படிங்க."

இப்படிக்கு,
மாமா